எச்சரிக்கையம்மாவுக்குப் பயம் போய்விட்டது

காலை ஒன்பது மணிக்கு எழுத உட்கார்ந்த எச்சரிக்கையம்மா, பதினொன்றரை மணிவரை எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘எச்சரிக்கை 1.’

ஒன்றுக்குப் பக்கத்தில் புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் வெறும் தாள்.

மேசையில் புது நீராவி இஸ்திரிப் பெட்டி அவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. இதனால் யாருக்கு என்ன ஆகும் என்று யோசித்தார். ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. திருப்பி வைத்து யோசித்தார். அப்போதும் ஒன்றும் ஆகாது என்றே தோன்றியது. பாவம், சாதுவான பெட்டி.

வேறு யாருக்காவது இப்படித் தோன்றியிருந்தால் பரவாயில்லை. பயப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவருக்குத் தோன்றலாமா?

அந்தக் கம்பெனி வீட்டுச் சாமான்கள் செய்கிறது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மின்விசிறி, வெந்நீர்க் கருவி. ஒவ்வொரு அட்டைப் பெட்டிக்குள்ளும் ஒரு கையேடு இருக்கும். கையேட்டின் மூன்றாம் பக்கத்திலிருந்து எச்சரிக்கைகள் தொடங்கும். பத்தொன்பது வருடமாக, நாற்பது கையேடுகளிலும், அந்த எச்சரிக்கைகள் அத்தனையும் அவர் கைப்பட எழுதியவை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் முதலாளிவரை எல்லோருக்கும் அவர் எச்சரிக்கையம்மாதான்.

மற்றவர்கள் இயந்திரத்தைப் பார்த்தால் இயந்திரம் தெரியும். அவருக்கு அதைத் தொடப்போகும் மனுஷர்கள் தெரிவார்கள். அவசரக்காரர்கள், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்கள், ஈரக் கையோடு ஓடி வருபவர்கள். கெட்டில் கையேட்டில், ‘மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்காதீர்கள்’ என்று எழுதினார். அதோடு விட்டாரா? ‘மடியில் இல்லாவிட்டாலும், நடப்பது பயங்கரக் காட்சி என்றால் கெட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள்’ என்று அடுத்த வரி. பழைய மாடல் இஸ்திரிப் பெட்டிக்கு மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள். அதைத்தான் தன் வாழ்நாள் சாதனை என்று நினைத்திருந்தார்.

நினைப்பதில் தப்பும் இல்லை. கம்பெனி வாசலில் ஒரு பலகை உண்டு: ‘19 ஆண்டுகள். ஒரு விபத்துகூட இல்லை.’ வருடா வருடம் பெயின்டர் வந்து அந்த எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போவார். எங்கும் ஒரு விரல் சுட்டதில்லை, ஒரு ஷாக் அடித்ததில்லை. தினமும் காலையில் அந்தப் பலகையைக் கடக்கும்போது எச்சரிக்கையம்மாவின் கழுத்து ஒரு அங்குலம் உயரும்.

தொந்தரவு என்னவென்றால், ஐந்து மணிக்கு அலுவலகம் மூடினாலும் பயம் மூடாது. பக்கத்து ஊரில் வேலை பார்க்கும் மகளுக்கு ஒரு நாளைக்குப் பதினொரு தடவை போன் போகும். பஸ் ஓட்டும் கணவர், ஒவ்வொரு டிரிப் முடிவிலும் உயிரோடு இருப்பதைத் தெரிவித்தாக வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மகள் அம்மாவை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். மூச்சை எண்ணச் சொன்னார் டாக்டர். பயம் வந்தால், ‘நடந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அதனிடம் சொல்லச் சொன்னார். எச்சரிக்கையம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஆறே வாரத்தில் பயம் வேரோடு போய்விட்டது. நன்றாகத் தூங்கினார், பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

இன்று காலைதான் முதல்முறையாக, பயமில்லாமல் எழுத உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் உள்ளே வந்தபோது மணி பன்னிரண்டு. மேசையிலிருந்த தாளை எடுத்துப் படித்தார்.

‘எச்சரிக்கை 1. இது நல்ல பெட்டி. எச்சரிக்கை 2. மேலே சொன்னதை நம்பலாம்.’

மேனேஜர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

“மேடம், உடம்பு ஏதாவது சரியில்லையா?”

“ரொம்ப நல்லா இருக்கு சார். அதுதான் சிக்கல்னு நினைக்கிறேன்.”

“கீழ பேக்கிங்ல மூவாயிரம் பெட்டி காத்துக்கிட்டிருக்கு. வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகணும். எச்சரிக்கை இல்லாம ஒரு பெட்டியைக்கூட வெளிய விட மாட்டாங்க. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் பயமா இல்லையா?”

“இல்லையே சார். நடந்தா பார்த்துக்கலாம்.”

இதைக் கேட்டதும் மேனேஜருக்குத்தான் பயம் வந்தது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார் விளம்பரப் பிரிவுக்காரர். அவருக்கும் எச்சரிக்கையம்மாவுக்கும் பல வருடப் புகைச்சல். “சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு கவலை? கையேட்டை யாரு படிக்கிறா? டப்பாவைத் திறந்ததும் முதல்ல தூக்கிப் போடுறதே அதைத்தான். ஒரே பக்கம், நாலு படம். என்கிட்ட குடுங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தர்றேன்.”

எச்சரிக்கையம்மாவுக்குப் பயம்தான் போயிருந்தது. ரோஷம் போகவில்லை. “வெள்ளிக்கிழமைக்குள்ள நானே தருவேன்” என்றார்.

ஆனாலும் ‘யாரு படிக்கிறா’ என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. பத்தொன்பது வருடத்தில், ‘உங்கள் கையேட்டைப் படித்தேன்’ என்று ஒரே ஒரு ஆள்கூட அவரிடம் சொன்னதில்லை. உண்மையிலேயே யாரும் படிக்கவில்லையோ என்ற வருத்தம் அவருக்குள் எப்போதும் இருந்தது. இப்போது எழுதவும் வராமல் போனால், அந்த விளம்பரக்காரர் சொன்னதே நியாயம் என்றாகிவிடும்.

மதியம் ஒரு யோசனை வந்தது. பழைய கையேடுகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எழுதினார். பயம் இல்லாததால் எழுதியதைத் திருப்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. முன்பெல்லாம் ஒரு வரியை ஒன்பது தடவை பார்ப்பவர் அவர்.

நான்கு மணிக்கு விளம்பரக்காரர் அதைச் சத்தமாகப் படித்தார். “‘எச்சரிக்கை பதினாலு. இஸ்திரிப் பெட்டிக்குள் மூன்று கோப்பைக்கு மேல் பால் ஊற்றாதீர்கள். எச்சரிக்கை பதினைந்து. கூரையில் மாட்டிய பிறகு இறக்கைகளைக் கையால் சுற்றிப் பார்க்காதீர்கள்.’”

மாடி முழுக்கச் சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் எச்சரிக்கையம்மா கணவரை எதிரே உட்கார வைத்தார்.

“என்னைக் கொஞ்சம் பயமுறுத்துங்க.”

“என்னது?”

“கேள்வி கேட்காதீங்க. ஆபீஸ் வேலை. பயமுறுத்துங்க.”

இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டியவர். யாரையும் பயமுறுத்திப் பழக்கமில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இன்னைக்கு பஸ்ல… பிரேக் கொஞ்சம் சரியா பிடிக்கலை.”

“டிப்போல சொன்னீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“அப்புறம் என்ன, அவங்க பார்த்துப்பாங்க. வேற?”

“வேற… நெஞ்சுக்குள்ள என்னமோ மாதிரி இருக்கு.”

“வாயுவா இருக்கும். வேற?”

கணவர் அவரை உற்றுப் பார்த்தார். முன்பெல்லாம் தான் தும்மினாலே ஆம்புலன்ஸ் எண்ணைத் தேடுகிற மனுஷி. இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று முடிவு செய்தார். மொட்டை மாடிக்குப் போய் மகளுக்கு போன் போட்டார். மகள் எடுத்த எடுப்பிலேயே கத்தினாள்.

“அப்பா, அம்மாவுக்கு என்னாச்சு? மூணு நாளா ஒரு போன் இல்ல! எங்கிட்ட என்ன மறைக்கிறீங்க?”

“நான் எங்கம்மா மறைக்கிறேன்? நெஞ்சு வலிக்குதுன்னேன். வாயுங்கிறா.”

“உங்களுக்கு நெஞ்சு வலியா?”

“எனக்கு இல்லம்மா. அதாவது, எனக்குத்தான், ஆனா இல்ல.”

மறுநாள் காலை மகள் பையோடு வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “வாம்மா, சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார் எச்சரிக்கையம்மா. எந்த பஸ்ஸில் வந்தாய், டிரைவருக்கு என்ன வயசு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாயா என்றெல்லாம் கேட்கவில்லை. மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பாவும் மகளுமாக அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

“டாக்டர், அம்மாவைப் பழையபடி ஆக்கிக் குடுங்க.”

டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. “என்னம்மா சொல்றீங்க? இவ்வளவு சீக்கிரம் குணமான ஆள் இவங்கதான். நேத்துகூட ஒரு கூட்டத்துல இவங்களைப் பத்தித்தான் பேசினேன்.”

“இவங்க பொழைப்பே பயத்துலதான் ஓடுது டாக்டர்” என்றார் கணவர்.

“போன பயத்தைத் திருப்பி வரவழைக்கிற வைத்தியம் எங்க படிப்புல இல்லைங்க.”

திரும்பி வரும்போது எச்சரிக்கையம்மாவே இரண்டு பேரையும் தேற்ற வேண்டியதாயிற்று. கணவர் பஸ் ஓட்டப் பயந்து லீவு போட்டார். மகள் அரை மணிக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு போன் செய்தாள்.

புதன்கிழமை மேனேஜர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “சோதனை அறைக்கு வாங்க மேடம். நேர்ல பார்த்தா பயம் தானா வரும்.”

சோதனை அறையில் ஒரு பெரியவர் உண்டு. இயந்திரங்களைக் கீழே போட்டு, நனைத்து, காய்ச்சி, படாதபாடு படுத்துவது அவர் வேலை. இஸ்திரிப் பெட்டியை மேசையிலிருந்து தள்ளினார். டமார் என்று விழுந்தது. மேனேஜர் துள்ளிக் குதித்தார்.

“பரவாயில்லையே, விழுந்தும் விளக்கு எரியுது” என்று பாராட்டினார் எச்சரிக்கையம்மா.

“நீங்களே ஒரு துணியைத் தேய்ச்சுப் பாருங்க மேடம்” என்றார் மேனேஜர். நெற்றி முழுக்க வியர்வை.

நாற்காலி முதுகில் ஒரு கோட்டு தொங்கியது. எச்சரிக்கையம்மா அதை எடுத்து விரித்துத் தேய்க்கத் தொடங்கினார். போன் அடித்தது. மகள்தான்.

“அம்மா, எங்க இருக்க? என்ன பண்ற?”

“தேய்ச்சுக்கிட்டிருக்கேன்மா. பெட்டியைத் துணி மேலதான் வச்சிருக்கேன். நீ நிதானமா பேசு.”

“ஏதோ சத்தம் கேக்குதே?”

“மேனேஜர் சார் கத்துறாரு. லேசா புகை வருது. நடந்தா பார்த்துக்கலாம்.”

சோதனைக்காரர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். முப்பது வருடமாக எல்லாவற்றையும் உடைத்தே பழகிய அவரே பெட்டியைத் தூக்கித் தூரமாக வைத்தார். கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் உருவம், மூக்கு முதல் வால்வரை, அச்சு அசலாகப் பொசுங்கி ஓட்டையாகியிருந்தது. அது முதலாளியின் கோட்டு. அன்று மதியம் போட்டோ எடுக்க வைத்திருந்தது.

முதலாளி கோட்டைத் தூக்கி, ஓட்டை வழியாக எல்லோரையும் பார்த்தார். முதலில் கேட்டது ஒன்றுதான். “இது விபத்துல சேருமா?”

“துணிக்கு ஆனது சேராதுங்க” என்றார் மேனேஜர் அவசரமாக.

“நல்லவேளை. பலகை தப்பிச்சுது.” பிறகு குரலைத் தணித்தார். “அம்மா, நீங்க நல்லா ஓய்வெடுங்க. கையேட்டை விளம்பரப் பிரிவுல எழுதட்டும். இனிமே வர்றதையும் அவங்களே எழுதட்டும்.”

பத்தொன்பது வருடம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனது. எச்சரிக்கையம்மா மூச்சை எண்ணிப் பார்த்தார். பயம் இல்லை. ஆனால் அழுகை வந்தது. டாக்டர் அதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.

வியாழன் மதியம், மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது விளம்பரக்காரர் வந்து புதுக் கையேட்டின் மாதிரியைப் பெருந்தன்மையாக நீட்டினார். வழவழத் தாள். ஒரே பக்கம், நாலு படம். அடியில் ஒரே ஒரு எச்சரிக்கை: ‘கவனமாக இருங்கள்.’

“எதுல?” என்றார் எச்சரிக்கையம்மா.

“எதுலன்னா?”

“எதுல கவனமா இருக்கணும்?”

“பொதுவா மேடம். எல்லாத்துலயும்.”

எச்சரிக்கையம்மா முதல் படத்தைப் பார்த்தார். ஒரு பெண் சிரித்துக்கொண்டே துணி தேய்க்கிறாள். அழகான படம். பின்னால் தரையில் ஒரு குழந்தை தவழ்கிறது. குழந்தைக்கும் சுவருக்கும் நடுவே பெட்டியின் வயர் தொங்குகிறது.

“இந்தக் குழந்தை யாரு?”

“சும்மா, குடும்பக் களைக்காகப் போட்டது.”

“இந்தம்மா சிரிச்சுக்கிட்டு எங்க பார்க்குது?”

“கேமராவை.”

“கேமராவைப் பார்த்தா குழந்தையை யாரு பார்க்கிறது? அது இன்னும் ரெண்டு எட்டு வச்சா வயரைப் பிடிச்சு இழுக்கும். பெட்டி இந்த ஓரத்துலதானே இருக்கு? ஐயோ, தண்ணி வேற கொதிக்குதே உள்ள!”

சொல்லும்போதே உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இத்தனை நாளும் காணாமல் போயிருந்த அத்தனையும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அவருக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை.

“சார்!” என்று மேனேஜர் அறைப் பக்கம் கத்தினார். “வந்துடுச்சு சார்!”

பேனாவைத் தேடக்கூட நேரமில்லை. விளம்பரக்காரரின் சட்டைப் பையிலிருந்தே ஒன்றை உருவினார். வழவழத் தாளின் ஓரத்தில் எழுதினார், பின்பக்கம் எழுதினார், பிறகு கையில் கிடைத்த தாளிலெல்லாம் எழுதினார். ‘எச்சரிக்கை 1. குழந்தை எங்கே என்று பாருங்கள். பார்த்தீர்களா? இன்னொரு தடவை பாருங்கள்.’ ‘எச்சரிக்கை 23. மனம் சரியில்லாத நாளில் கசங்கிய சட்டையே போதும். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.’ ‘எச்சரிக்கை 58. பிளக்கைப் பிடுங்கினோமா என்ற சந்தேகம் பாதி வழியில் வந்தால் வெட்கப்படாமல் வீட்டுக்குத் திரும்புங்கள். நான் பலமுறை திரும்பியிருக்கிறேன்.’

எழுத எழுத அவருக்கு ஒன்று விளங்கியது. டாக்டர் விரட்டியது, எச்சரிக்கையம்மா தன் வீட்டாருக்காகப் பட்ட பயத்தை. இது அது இல்லை. முன்பின் தெரியாத ஒரு வீட்டில், முகம் தெரியாத ஒருவர் சுட்டுக்கொண்டு விடக்கூடாதே என்ற பயம். இது இருந்தால்தான் எழுத்து வரும் என்றால் இது இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் படிக்காவிட்டாலும் போகட்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜர் மேசையில் நூற்று நாற்பத்தேழு எச்சரிக்கைகள் இருந்தன. பழைய சாதனையைவிட முப்பத்தைந்து அதிகம். மேனேஜர் ஐம்பதாவதைத் தாண்டுவதற்குள் எழுந்து போய் அறை விளக்கை அணைத்தார். நூறாவதில் வீட்டுக்கு போன் செய்தார்.

“அருமை மேடம்” என்றார் நடுங்கும் குரலில். “பயங்கரம்!”

அன்று மகளுக்குப் பதினொரு போன் போனது. மகள் பதினொன்றையும் எடுத்தாள். கணவர் நிம்மதியாகப் பஸ்ஸை எடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து பேக்கிங் கூடத்தில் புதுப் பெட்டியின் வெளியீட்டு விழா. கையேட்டு வேலையைத் திருப்பிக் கொடுத்ததோடு, எச்சரிக்கையம்மாவுக்கு ஒரு கேடயமும் தருவது என்று முதலாளி முடிவு செய்திருந்தார். விளம்பரக்காரர் விடுவாரா? பழைய மாடலை வாங்கிப் பல வருடமாக வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளரை, உத்தரவாத அட்டைகளைத் துழாவிக் கண்டுபிடித்து மேடைக்குக் கூட்டி வந்திருந்தார். ‘கையேடா? அது எதுக்கு?’ என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு ஜென்ம சாபல்யம்.

வந்தவர் ஒரு நூலகர். மெலிந்த மனிதர். நீண்ட தூரம் பஸ்ஸில் வந்திருப்பார் போலும், சட்டை நன்றாகக் கசங்கியிருந்தது. மடியில் பழைய அட்டைப் பெட்டி.

“எங்க கையேட்டை எல்லாம் நீங்க படிச்சிருக்க மாட்டீங்க, இல்லையா?” என்று மைக்கை நீட்டினார் விளம்பரக்காரர்.

“படிக்காமலா? மூணு தடவை படிச்சேன்” என்றார் நூலகர். “நூத்திப் பன்னிரண்டையும். அறுபத்தேழாவது எனக்கு மனப்பாடம். ‘அழைப்பு மணி அடித்தால் யாரென்று யோசிக்காதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு யோசியுங்கள்.’ என்ன எழுத்துங்க அது! அதை எழுதினவங்களை ஒரு தடவை பார்க்கணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

விளம்பரக்காரர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டார். எச்சரிக்கையம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் முதல் வாசகர், ரத்தமும் சதையுமாக எதிரே இருக்கிறார். முன்வரிசையில் கணவர் எழுந்து நின்று கைதட்டினார். அவரை உட்கார வைக்கப் போன மகளும் நின்றே கைதட்டினாள். இந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் பத்தொன்பது வருடம் பயப்படலாம் என்று எச்சரிக்கையம்மாவுக்குத் தோன்றியது.

நூலகர் அட்டைப் பெட்டியைத் திறந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். கூடமே வாயைப் பிளந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. அடிப்பாகத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

முதலாளி அதை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். “பாருங்க, எட்டு வருஷம் ஆச்சு! இன்னைக்குச் செஞ்ச மாதிரி இருக்கு! சொல்லுங்க சார், இப்படி வச்சிருக்கிறதுக்கு என்ன ரகசியம்?”

நூலகர் எச்சரிக்கையம்மாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

“ரகசியம் என்ன சார், எங்க தெருவுல உங்க பெட்டி வாங்கின பதினாலு வீட்டுக்கும் மேடம் எழுதினதை நானே உட்கார்ந்து வாசிச்சுக் காட்டினேன், அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்குக்கூட அதை பிளக்ல சொருகுற தைரியம் வரலை!”